பிறை நகம்: பழைய பாணி நகப்பூச்சை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், மார்த்தாண்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பியூட்டி பார்லர் நடத்தி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பைச் சேர்ந்த சகோதரி ஒருவர் பேசியது. பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். பேச்சு நடையைப் பெரும்பாலும் மாற்றாமல் தருகிறோம்.)



போன கூட்டத்தில் மொட்டை மாடி மழைநீர்க் குழாயைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். இன்று நகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் சங்கத்துக்கு ஒரு நஷ்டமும் வராது.

உங்கள் பெருவிரல் நகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். அடியில், தோலை ஒட்டி, வெள்ளையாக ஒரு வளைவு தெரிகிறதா? அதுதான் நகப்பிறை. நகம் உருவாகும் இடத்தின் வெளியே தெரியும் பகுதி அது. பெருவிரலில் நன்றாகத் தெரியும், சுண்டுவிரலில் பலருக்குத் தெரியவே தெரியாது, அதனால் பயப்பட வேண்டாம். இன்று நான் காட்டப் போகும் பாணியில் அந்தப் பிறையில் நிறம் படாது. அதைச் சும்மா விட்டுவிட்டு மீதி நகத்துக்கு மட்டும் சிவப்பு போடுவார்கள். 1920களின் கடைசியிலும் 1930களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதுதான் நாகரிகம். பலர் நகத்தின் நுனியையும் நிறமில்லாமல் விட்டார்கள். நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் பட்டை, மேலும் கீழும் வெள்ளை. இப்போது கேட்டால் விசித்திரமாக இருக்கும். கையில் பார்த்தால் அழகு. நான் இடது கையில் போட்டு வந்திருக்கிறேன், பிறகு வந்து பாருங்கள்.

எங்கள் சின்ன வயதில் நம் பக்கத்தில் நெயில் பாலிஷ் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. க்யூட்டெக்ஸ்தான். எந்தக் கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் க்யூட்டெக்ஸ். வாவுபலிப் பொருட்காட்சிக்குப் போனால் வளையல், ரிப்பன், ஒரு குப்பி க்யூட்டெக்ஸ் வாங்காமல் எந்தப் பிள்ளையும் திரும்பாது. அது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர் என்று எனக்கே பார்லர் தொடங்கிய பிறகுதான் தெரியும். 1911-ல் நார்தம் வாரன் என்பவர் அதைத் தொடங்கினார். முதலில் அவர் விற்றது சாயமே இல்லை. நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் இருக்கிறதே, அதைக் கத்தரியால் வெட்டாமல் இளக்கி எடுக்க ஒரு திரவம். வெட்டினால் புண்ணாகும் என்பதுதான் அந்த விளம்பரங்களின் வாதம். நூறு வருடம் கழித்தும் அந்தத் தோலை வெட்டாதே என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் காலத்தில் பாலிஷ் என்ற சொல்லுக்கு அதன் நேரான அர்த்தம்தான். பொடியோ பசையோ வைத்து மெல்லிய தோல் துண்டால் நகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். குத்துவிளக்கைத் துலக்குவது மாதிரி. குப்பியில் பிரஷ் வைத்த திரவப் பூச்சு பரவியது அதற்குப் பிறகு. முதலில் வந்தவை இளஞ்சிவப்பு, கண்ணாடி மாதிரி மெல்லியவை. 1932-ல் சார்லஸ் ரெவ்சன், அவர் அண்ணன் ஜோசப், வேதியியல் தெரிந்த சார்லஸ் லாக்மன் மூவரும் சேர்ந்து ரெவ்லான் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டு வந்தது அடியில் உள்ள நகமே தெரியாத, அடர்ந்த நிறப் பூச்சு. நல்ல கடும் சிவப்பு நகத்துக்கு வந்தது அந்தப் பத்தாண்டில்தான்.

அப்படியானால் அடர்ந்த சிவப்பை வைத்துக்கொண்டு ஏன் பிறையை விட்டார்கள்? பிறை நகத்தின் மூச்சுத் துளை மாதிரி, அதை மூடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அது தவறு. வெளியே தெரியும் நகம் உயிரில்லாத கெரட்டின் புரதம், அது மூச்சு விடாது. அழகு என்று நினைத்ததும் ஒரு காரணம். ஆனால் பார்லர்காரியாகச் சொல்கிறேன், இதில் ஒரு வசதி இருக்கிறது. கை விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகத்துக்கும் சாயம் போட்டால் பத்தே நாளில் அடியில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், ‘பழசாகிவிட்டது’ என்று காட்டிக்கொடுக்கும். பிறையை முதலிலேயே விட்டுவிட்டால் புதிதாக வளர்ந்தது அந்தப் பிறையோடு சேர்ந்துவிடும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வாரா வாரம் அழித்துப் போட நேரமில்லாத நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது மருதாணிக்கு வருகிறேன். மயிலாஞ்சி என்று சொன்னால்தான் சிலருக்கு வாசனையே வரும். இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து, உள்ளங்கையில் ஒரு வட்டமும் விரல் நுனிகளுக்குத் தொப்பியும் வைத்துவிட்டு, இரவெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டே தூங்கியவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதிப் பேருக்கு மேல். தோலில் பிடித்த சிவப்பு இரண்டு வாரத்தில் போய்விடும். நகத்தில் பிடித்தது போகாது. இலையில் இருக்கும் லாசோன் என்ற பொருள் நகத்தின் கெரட்டினோடு சேர்ந்துவிடுகிறது. சோப்பு, ரிமூவர் எதற்கும் அது அசையாது. நகம் வளர்ந்து வெட்டி எறியும்வரை, ஐந்தாறு மாதம், அங்கேயே இருக்கும்.

ஒரு மாதம் கழித்து அந்த நகம் எப்படி இருக்கும் என்று நினைவிருக்கிறதா? அடியில் வெள்ளையாக ஒரு பிறை, மேலே சிவப்பு. அமெரிக்காவில் பிரஷ் பிடித்து வரைந்ததை நம் ஆச்சிமாரின் விரலில் மருதாணி தானாகவே வரைந்திருந்தது. ஆனால் நாம் அதை அழகு என்று நினைத்ததில்லை, ‘மருதாணி பழசாயிற்று, அடுத்த கல்யாணம் வரட்டும்’ என்றோம். அதனால்தான் இந்தப் பாணி நமக்கு அந்நியமாகத் தெரியாது என்கிறேன். ஒரு முறை போட்டுக்கொண்டவர்கள் ‘எங்கேயோ பார்த்த கை மாதிரி இருக்கு’ என்பார்கள்.

நம் இஸ்லாமிய சகோதரிகளுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். பூச்சு நகத்தின் மேல் ஒரு படலமாக நிற்கிறது, ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தைத் தொடாது. மருதாணி நகத்துக்குள்ளேயே சேர்ந்துவிடுவதால் அந்தத் தடை இல்லை. அவர்கள் மருதாணியிலேயே இந்தப் பிறையை வைத்துக்கொள்ளலாம். அரைத்த விழுதைப் பிறையில் படாமல் வைத்தால் போதும், நகத்தைப் பொறுத்தவரை ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

லாக்மே பற்றி ஒன்று சொல்லாமல் போனால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. 1952-ல் டாட்டா எண்ணெய் ஆலைக் கம்பெனி அதைத் தொடங்கியது. வெளிநாட்டு அழகுப் பொருட்களுக்குப் போகும் அந்நியச் செலாவணியைப் பற்றி நேருவுக்கு இருந்த கவலைதான் காரணம் என்பார்கள். அந்த எண்ணெய்க் கம்பெனி பிறந்தது 1917-ல், ஆலை இருந்தது எர்ணாகுளத்தில், ஆட்டியது கொப்பரை. லாக்மே என்பது லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம், 1883-ல் அரங்கேறிய ஒரு பிரெஞ்சு இசை நாடகத்தின் பெயர். தேங்காயில் தொடங்கி நகத்தில் முடிந்த கதை!

சரி, கைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் மேடைக்கே வந்தேன்.

பிள்ளைகளோடு இங்கே வந்து இருக்கும் அம்மாமார் பலரின் கையை நான் லிஃப்டில் பார்த்திருக்கிறேன். ரப்பர் பால் ஒட்டி ஒட்டி உரித்த கை. அண்டியாபீஸில் அண்டி உடைத்த கை. அண்டி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும், விரலைக் கறுப்பாக்கும். சாம்பலும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் கறுக்கும். என் அம்மாவும் உடைத்தவள்தான். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். சாப்பிடும் கையை ஒளிக்க முடியாதே, அதனால் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

பார்லரில் கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மாரிடம், ‘நீங்களும் உட்காருங்கம்மா, அஞ்சு நிமிஷம்’ என்று நான் சொல்லாத நாள் இல்லை. ‘எனக்கு இனி எதுக்கு மக்களே’ என்பார்கள். கணவரை இழந்தவர்கள் அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள். பூ இல்லை, மருதாணி இல்லை, கலர் சேலை இல்லை என்ற பட்டியலில் நகமும் எப்போதோ சேர்ந்துவிட்டது. யார் சேர்த்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

நம் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஒரு பெண் மேலே துணி போடலாமா கூடாதா என்பதையே ஊரும் அரசும் தீர்மானித்த காலம் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் நம் பாட்டிமாரின் பாட்டிமார் நடத்தியது. 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் அரசு அனுமதி கொடுத்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. நகப்பூச்சை அந்தப் போராட்டத்தோடு ஒப்பிட நான் வரவில்லை, அதன் கனம் வேறு. ஆனால் ‘உனக்கு இது எதற்கு’ என்ற கேள்வி இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்று தெரிந்துகொள்வது நல்லது. அந்தக் கேள்வியை இப்போது வெளியாள் யாரும் வந்து கேட்பதில்லை. மருமகள் கேட்கிறாள், மகன் கேட்கிறான், பல நேரம் நாமே கேட்டுக்கொள்கிறோம்.

வேண்டாம் என்பவர்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். பிடிக்காமல் வேண்டாம் என்பது வேறு, கையை ஒளித்துக்கொண்டு வேண்டாம் என்பது வேறு. இரண்டாவது ஆட்கள் யார் என்று எனக்குத் தெரியும், அவர்கள் பக்கத்தில் வந்து நானே உட்காருவேன்.

இனி செய்முறை. பொருட்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கும்: நகவெட்டி, நெயில் ஃபைல், பஞ்சு, ரிமூவர், நிறமில்லாத பூச்சு ஒன்று, சிவப்பு ஒன்று, பல்குத்தும் குச்சி, பழைய பேப்பர், ஸ்டிக்கர் பொட்டு.

ஆமாம், பொட்டுதான். பிறையின் வளைவைக் கையால் வரைய எனக்கே நடுங்கும். வெளிநாட்டில் ஃபைல் காகித ஓட்டையைச் சுற்றி ஒட்டும் வளையத்தை நகத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். நமக்குப் பொட்டு இருக்கும்போது ஸ்டேஷனரி கடைக்கு எதற்குப் போக வேண்டும்? அதிலும் புதுப் பொட்டு வேண்டாம். புதுப் பொட்டின் பசை அடியில் இருக்கும் பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறோமே, நான்கு நாள் வைத்துப் பசை தளர்ந்த பொட்டு, அதுதான் சரி. பெருவிரலுக்குப் பெரிய பொட்டு, மற்ற விரல்களுக்கு அதைவிடச் சிறியது. சுண்டுவிரலில் பிறை தெரியாவிட்டால் நீங்களே ஒரு பிறையை முடிவு செய்துகொள்ளுங்கள், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பொட்டு வைத்தால் நெற்றி அரிக்கும் அல்லது வெளுக்கும் என்பவர்கள் மட்டும் பொட்டைத் தவிர்த்து, மெல்லிய பேப்பர் டேப்பை வளைவாக வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய பூச்சை அழித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். நகம் தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும், மேலே போட்ட பூச்சு உரியும். துணி துவைத்தவுடனே போட்டால் நிற்காததற்கு இதுதான் காரணம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிமூவர் நனைத்த பஞ்சால் ஒரு முறை துடையுங்கள். தேங்காய் துருவிய கையில் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் இருக்கும்.

நகத்தை ஃபைலால் ஒரே திசையில் தேயுங்கள், முன்னும் பின்னும் அராவினால் நுனி பிளக்கும். அடித்தோலை வெட்டாதீர்கள். அது நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் கிருமி நுழையாமல் அடைத்து வைத்திருக்கும் மூடி. குளித்தபின் ஈரத் துண்டால் மெல்லப் பின்னால் தள்ளினால் போதும்.

நிறமில்லாத பூச்சை முழு நகத்துக்கும் ஒரு முறை போடுங்கள். இது இல்லாமல் நேரே சிவப்பு போட்டால் நகம் மஞ்சளாகும். பத்து நிமிடம் நன்றாகக் காய வேண்டும். பிறகு பொட்டை எடுத்துப் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துவிட்டு, பாதி தோலிலும் பாதி பிறையிலும் இருக்கும்படி நகத்தின் அடியில் வையுங்கள். நகத்தின் மேல் வரும் ஓரத்தை மட்டும் பல்குத்தும் குச்சியின் மழுங்கிய பக்கத்தால் அழுத்துங்கள். அங்கே இடைவெளி இருந்தால் சிவப்பு உள்ளே ஓடிவிடும்.

சிவப்புக் குப்பியைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள், மத்தால் மோர் கடைவது மாதிரி. பிரஷின் ஒரு பக்கத்தைக் குப்பி வாயில் வழித்துவிட்டு, நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு இழுப்பு. அவ்வளவுதான், திரும்பத் திரும்பத் தடவினால் மேடு பள்ளம் ஆகும். மெல்லியதாக ஒன்று, மூன்று நிமிடம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் பொறுத்து, பொட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக மெல்ல உரியுங்கள். முழுக்கக் காயட்டும் என்று காத்திருந்தால் சிவப்பும் சேர்ந்து உரியும். ஓரம் பிசிறடித்தால் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ரிமூவரில் தொட்டு, ஒற்றித் திருத்துங்கள்.

நுனியை விடுவதா வேண்டாமா? அந்தக் காலத்து மேம்சாகிப்கள் முள்கரண்டியால் சாப்பிட்டார்கள், நுனி வெள்ளையாகவே இருந்தது. நாம் மீன் குழம்பு பிசைகிறோம். மஞ்சள் பட்ட நுனி இரண்டாம் நாளே காட்டிக்கொடுத்துவிடும். வலது கையில் நுனிவரை சிவப்பு போட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. வெட்டிய சின்ன நகத்துக்கும் அதுதான் பொருந்தும். இந்தப் பாணிக்கு நீள நகம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசியாகப் பிறை உட்பட முழு நகத்துக்கும் நிறமில்லாத பூச்சு இன்னொரு முறை. பிறையில் மஞ்சள் ஏறாமல் அது ஓரளவு காக்கும்.

தொட்டால் ஒட்டாத நிலை பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும், உள்ளே இறுக மணிக்கணக்காகும். அதனால் மதியப் பாத்திரம் கழுவி முடித்தபிறகு, இரண்டரை மணிக்குப் போடுங்கள். இரவு படுக்கும் முன் போட்டால் காலையில் நகத்தில் பெட்ஷீட்டின் நெசவு பதிந்திருக்கும். கை நடுங்குபவர்கள் முழங்கையையும் மணிக்கட்டையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, வேறொருவர் போட்டுவிடுவது. மாமியாருக்கு மருமகளும் மருமகளுக்கு மாமியாரும் போட்டுவிட்டால் அரை மணி நேரம் இருவரும் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்!

சில எச்சரிக்கைகள், சுருக்கமாக. பூச்சும் ரிமூவரும் சட்டென்று தீப்பற்றும். அடுக்களையில், விளக்குக்குப் பக்கத்தில், கொசுவத்தி எரியும் அறையில் திறக்கவே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். டொலுவீன், ஃபார்மால்டிஹைட், டைபியூட்டைல் தாலேட் என்ற மூன்றும் இல்லாத பூச்சா என்று லேபிளில் பாருங்கள், இப்போது பல கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கடையில் விற்கும் கறுப்பு மருதாணி எதுவானாலும் பிள்ளைகள் கையில் வைக்காதீர்கள். உண்மையான மருதாணிக்குக் கறுப்பு வராது. தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனத்தை அதில் சேர்ப்பதுண்டு. கொப்புளம் வந்து தழும்பாகிப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நம்மில் பல வீட்டுக்கு வந்தது, இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. நகத்தின் வழியாக ஒளியை அனுப்பித்தான் அது கணக்குப் பார்க்கிறது. அடர்ந்த நிறம் இருந்தால் கணக்குத் தப்பலாம். அதனால் வயதானவர்களுக்கும், இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்களுக்கும் நான் போடும்போது ஒவ்வொரு கையிலும் ஒரு விரலை நிறமில்லாமல் விட்டுவிடுவேன். ஆபரேஷனுக்குப் போகும்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போங்கள், டாக்டர்மார் அங்கே நகத்தின் நிறத்தையும் பார்ப்பார்கள்.

நாமும் பார்க்க வேண்டும். பூச்சை அழித்த நாளில் உடனே அடுத்ததைப் போடாமல் ஒரு நாள் வெறும் நகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நீளவாக்கில் வரிகள் வயதானால் வரும், கவலை இல்லை. நகம் வெளிறிப்போய், கரண்டி மாதிரி நடுவில் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ஒரே ஒரு நகத்தில் கறுப்பாகக் கோடு விழுந்து அது அகலமாகிக்கொண்டே போனால் தோல் டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். அப்படி ஒரு கோட்டை மறைக்கிற மாதிரி நல்ல அடர்த்தியாகப் போட்டுவிடு என்று என்னிடம் கேட்டால் நான் போட மாட்டேன்.

இனி கேள்விகள்.

சர்க்கரை உள்ளவர்கள் கால் நகத்துக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடலாம், ஆனால் காலில் புண், நகத்தில் பூஞ்சை, விரலில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வேண்டாம். கால் நகம் மெதுவாக வளரும், முழுதாக வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். அதனால் பூச்சை மாதக்கணக்கில் அழிக்காமல் விட்டுவிடுவோம், அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஓரத்தை ஆழமாக வெட்டவும் கூடாது.

குப்பியில் கட்டியாகிப் போனதற்கு ரிமூவர் ஊற்றலாமா? கூடாது. இளகின மாதிரி தெரியும், நகத்தில் நிற்காது. அதற்கென்று தின்னர் விற்கிறார்கள், இரண்டு மூன்று சொட்டு போதும். அதைவிடச் சின்னக் குப்பியாக வாங்குங்கள்.

எத்தனை நாள் நிற்கும்? வீட்டு வேலை எல்லாம் நீங்களே செய்தால் ஐந்திலிருந்து ஏழு நாள். நுனியில்தான் முதலில் உதிரும். மாவு பிசையும் வேலை அதிகம் உள்ளவர்கள் உதிரத் தொடங்கியதும் அழித்துவிடுங்கள், சப்பாத்தியில் சிவப்புத் துண்டு வேண்டாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு? லீவில் மட்டும். பள்ளிக்கூட விதியோடு சண்டை போட நான் ஆள் இல்லை.

பின்வரிசை அண்ணன் ஒருவர் கேட்கிறார், ரிமூவர் ஹால் மேசையில் கொட்டினால் என்ன ஆகும் என்று. நல்ல கேள்வி, வார்னிஷ் போய்விடும், பிளாஸ்டிக் நாற்காலியும் வெளுத்துவிடும். அதனால்தான் பழைய பேப்பர் கேட்டேன். வரும் ஞாயிறு மூன்று மணிக்கு இதே ஹாலில் ஜன்னல் பக்கம் உட்காருவோம். சிவப்பு நான் கொண்டு வருகிறேன், பேப்பர் செயலாளர் தருவார், பொட்டு மட்டும் உங்கள் வீட்டுக் கண்ணாடியில் இருந்து எடுத்து வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் படிக்கும் கண்ணாடியையும் மறக்காதீர்கள். ஆறு பேருக்கு மேல் வந்தால் மூத்தவர்களுக்கு முதலில் போட்டுவிடுவேன்.